கேட்பதற்கு முன் உடைத்த முட்டை

அன்பான சரண்யா பாப்பாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து நீ அத்தைக்குப் போன் செய்வாய் என்று தெரியும். அழுவாய் என்று தெரியும். எடுத்ததும் "அத்த, மாமா பக்கத்துல இல்லையே?" என்று கேட்பாய் என்பதுகூடத் தெரியும். "இல்லம்மா, வெங்காயம் வாங்கப் போயிருக்காரு" என்று அவள் சொன்னபோது நான் அவள் முதுகுக்குப் பின்னால் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உன் அத்தைக்குப் பொய் சொல்லத் தெரிந்த அளவுக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாது. கையெல்லாம் எண்ணெய், போனைக் காதில் வைக்க முடியாது, அவளையும் குறை சொல்லக் கூடாது. ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதே. போன் என் காதைத் தேடி வந்தது.

"அவர் மேல எனக்குக் கோவமே இல்ல அத்த. கோவமெல்லாம் மாமா மேல. நடுவுல அவரு மாட்டிக்கிட்டாரு. எல்லாரு முன்னாடியும் நானே வேணாம்னு சொல்லிட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போயி கேக்கறது?" என்றாய். நீ வேண்டாம் என்ற அந்த அருள் வீட்டில் வருகிற ஞாயிற்றுக்கிழமை வில்லியனூருக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள் என்று அத்தை சொன்னாள். நீ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம், "நல்லா யோசிச்சு, நூத்துக்கு நூறு தெரிஞ்சாத்தான் பேசுவேன் அத்த. இன்னொரு தடவ தப்பு பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த நூற்றுக்கு நூறுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே "மாமா, அளக்காத" என்று வெட்டுவாய். தாளில் யாரும் என்னை வெட்ட முடியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் நான் மட்டும் நின்றிருக்காவிட்டால் இந்நேரம் கலெக்டர் ஆகியிருப்பேன் என்று எங்கள் வாத்தியாரே சொன்னார். நான் நின்றுபோனதில் அவருக்குத்தான் ரொம்ப சந்தோஷம் என்பாள் உன் அத்தை. அவள் பேச்சை விடு. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். எங்காவது மஞ்சளாகத் தெரிந்தால் அது சால்னா. எழுத்துப் பிழை என்று நினைத்துவிடாதே.

என் ஊகம் தப்பாது என்பதற்கு முதல் சாட்சியே நீதான். உன் அம்மா, என் தங்கச்சி, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது உனக்கு மூன்று வயது. உன் அப்பா தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய அக்கா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு சாயங்காலம் நம் கடை முன்னால் வந்து நின்றார். அதற்கப்புறம் நடந்ததை உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். உன் ஒவ்வொரு பிறந்தநாளிலும் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். பார்த்த நொடியில், "இவ நம்ம பொண்ணு!" என்று நம் உப்பளம் பேட்டையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். உன் அத்தை வாயைத் திறப்பதற்குள் உனக்காக ஒரு குட்டிப் புரோட்டா கல்லில் விழுந்துவிட்டது. நிலா மாதிரி வட்டம். நீ வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் சிப்புக்குள் இருக்கிற எந்த யந்திரமும் அவ்வளவு வேகமாக ஒரு முடிவு எடுத்திருக்காது.

கடையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லுவேன். நம் தள்ளுவண்டி முன்னால் கூட்டம் ஸ்டேடியம் வாசல் வரை நிற்கும். சரி, அடுத்த கரண்ட் கம்பம் வரை. அவ்வளவு பேருக்கும் ஒரே கல், ஒரே ஆள். எப்படிச் சமாளிக்கிறேன்? கேட்பதற்கு முன்பே போட்டுவிடுகிறேன். முனையில் பைக் திரும்பும்போதே பார்ப்பேன். சைடு ஸ்டாண்டு போட்டால் பார்சல். சென்டர் ஸ்டாண்டு போட்டால் உட்கார்ந்து சாப்பிடப்போகிறார். நடையைப் பார்த்தால் கொத்தா, வீச்சா தெரிந்துவிடும். ஆள் பெஞ்சில் உட்காரும்போது தட்டு அவர் முன்னால் இருக்கும். "அண்ணே, நான் இன்னும் கேக்கவே இல்லையே!" என்று கண்ணை விரிப்பார்கள். "நீ கேட்டிருந்தா நான் இன்னும் மாவுதான தட்டிக்கிட்டு இருப்பேன்" என்பேன். தப்பாகப் போனது உண்டா என்றால், உண்டு. உடைத்த முட்டையை மறுபடி ஓட்டுக்குள் அனுப்ப முடியாது. அது எனக்கு ராத்திரிச் சாப்பாடு. என் தொப்பை முழுக்கத் தப்பான ஊகங்கள் என்பாள் உன் அத்தை.

அவள் சால்னாப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு மெதுவாக யோசிப்பவள். நான் வருகிற ஆளை மட்டும் பார்ப்பேன். அவள் அவனுக்கு முன்னால் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், இன்று என்ன கிழமை, யாரோடு யார் என்று எல்லாவற்றையும் பார்ப்பாள். பெயிண்டர் கூட்டம் வந்தால் எனக்கு அது பெயிண்டர் கூட்டம், எல்லோருக்கும் முட்டை. அவள் கேட்பாள்: "கூட மேஸ்திரி வந்திருக்காரான்னு பாத்தியா? அவரு இருந்தா அவரு செலவு, முட்டை. இல்லன்னா வெறும் புரோட்டாதான்." அப்புறம் நம் சொல்தா தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தட்டு வைத்தால் நன்றிக்கு "மெர்சி" என்பாரே, அவர் வெள்ளிக்கிழமையில் தொப்பியோடு வந்தால் மாதா கோயில் பூசை முடித்து வருகிறார் என்று அர்த்தம், தவக்காலமாக இருந்தால் முட்டை தொடமாட்டார். இத்தனையும் அவள் மனசுக்குள் கூடி ஒரு பதிலாக வெளியே வருவதற்குள் நான் முட்டையைக் கையில் எடுத்திருப்பேன். "இரு இரு, தொப்பி இருக்கு பாரு" என்பாள். உடைப்பதற்கு முன்னால் அவள் குரல் வந்தால் முட்டையைக் கீழே வைத்துவிட்டு மாவை எடுப்பேன், ஒரு சின்ன இடறல், அவ்வளவுதான். உடைத்த பிறகு வந்தால் தொப்பை.

போன வருஷம் லீவில் வந்து பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? "அப்படி என்னதான் வேல பாக்கற பாப்பா, சொன்னா எங்களுக்குப் புரியாதா?" என்று அத்தை கேட்டாள். எதிர்ப் பெஞ்சில் அருள் கொத்து புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ சொன்னதை நான் ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறேன்.

"கம்ப்யூட்டருக்கு மூளையா ஒரு சிப்பு இருக்கு இல்ல அத்த, அதுவும் மாமா மாதிரிதான். அவசரக் குடுக்க. வேலையெல்லாம் வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். நடுவுல திடீர்னு வழி ரெண்டாப் பிரியும். ஆமான்னா இந்தப் பக்கம், இல்லன்னா அந்தப் பக்கம். ஆமாவா இல்லையான்னு பதில் வர கொஞ்ச நேரம் ஆவும். அது வரைக்கும் சும்மா நின்னா பின்னாடி வரிசையே நின்னுடும். அதனால இந்தப் பக்கமாத்தான் இருக்கும்னு ஊகிச்சு, இந்தப் பக்கத்து வேலைய ஆரம்பிச்சிடும். சரியாப் போச்சுன்னா லாபம். தப்புன்னா செஞ்சத எல்லாம் கொட்டிட்டு, பிரிஞ்ச இடத்துக்கே திரும்பி வந்து முதல்லேருந்து செய்யணும். அந்த ஊகம் சொல்ற இடத்தைத்தான் நாங்க கட்டறோம்."

"அதுல உனக்கு இன்னா கஷ்டம்?" என்றாள் அத்தை.

"சின்னதா ஒண்ணு வச்சா சட்டுனு சொல்லிடும், ஆனா அடிக்கடி தப்பும். பழசெல்லாம் ஞாபகம் வச்சிக்கிட்டு யோசிக்கற மாதிரி பெரிசா ஒண்ணு வச்சா நல்லா சொல்லும், ஆனா சொல்றதுக்கே நேரம் ஆவும். ஆபீஸ்ல அதான் சண்டை. நான் பெரிசு வேணும்ங்கறேன். மேனேஜரு, 'உன் பதில் சரியா இருந்து இன்னா பண்றது, வண்டி போனப்புறம் வருதே'ங்கறாரு."

"அப்ப ரெண்டையும் வைக்க வேண்டிதுதான" என்றேன் நான், கொத்திக்கொண்டே.

"ரெண்டும்தான் மாமா வச்சிருக்கோம். சின்னது உடனே சொல்லும், அத நம்பிக் கெளம்பிடும். பெரிசு பின்னாடியே வந்து, தப்புன்னா நிறுத்தித் திருப்பி வுடும். எவ்வளவு பெரிசுங்கறதுதான் சண்டை."

அன்றிலிருந்து பெங்களூர்க்காரர்கள் என் மூளையையும் உன் அத்தை மூளையையும் எடுத்துத்தான் சிப்புக்குள் வைத்திருக்கிறார்கள் என்று நான் உப்பளம் முழுக்கச் சொல்லிவிட்டேன். "இத நான் பொறக்கறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிட்டாங்க மாமா" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். நீ பிறப்பதற்கு முன்னாலும் நான் கடை வைத்திருந்தேன், அதையும் கவனத்தில் வைத்துக்கொள்.

அப்போதுதான் அருள் வாயைத் திறந்தார். அதுவரை அவர் உன்னோடு பேசியதெல்லாம் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. காலாப்பட்டுக்காரர், டிப்ளமா படித்துவிட்டு வைத்திக்குப்பத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர், சட்டையில் எப்போதும் டீசல் வாசம். "அப்ப ஊகத்துல செஞ்ச வேலை தப்பாப் போனா, அது வெளிய தெரியாதாங்க?" என்று கேட்டார். நீ திரும்பி அவரைப் பார்த்தாய். "தெரியக் கூடாதுங்க. உறுதியாகற வரைக்கும் ஒரு ஓரமா வச்சிருக்கும். சரின்னு ஆனப்புறம்தான் வெளிய வுடும். தப்புன்னா தொடச்சிடும், நடந்ததே யாருக்கும் தெரியாது." அவர் சிரித்தார். "நல்ல வசதிங்க. மனுசனுக்கும் ஒண்ணு செஞ்சி குடுங்க" என்றார். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எல்லாம் எனக்குத் தெரிந்துபோனது. உண்மையைச் சொன்னால் அதற்கும் பல மாசம் கழித்து, என்னை எப்போதும் "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறவர் ஒரு நாள் வாய் தவறி "மாமா, தண்ணி" என்றபோது தெரிந்தது. எப்போது தெரிந்தால் என்ன, தெரிந்தது.

அப்புறம் போன மாசம் அவர் எங்கள் இரண்டு பேரிடமும் வந்து சொன்னார். "சரண்யாகிட்ட கேக்கலாம்னு இருக்கேன். அவங்க சனிக்கெழம வராங்க இல்ல, நானே கேட்டுக்கறேன். அதுவரைக்கும் யாருக்கும் வேணாம்." நான் சரி என்றேன். சரி என்று சொன்ன வாயோடு பேனர் கடைக்குப் போனேன். ஏன் போனாய் என்று கேட்காதே. இந்த ஊரில் பிள்ளைக்குக் காது குத்தினால் பேனர், புதுசாக ஆட்டோ வாங்கினால் பேனர், எவனோ வெளிநாடு போனால் பேனர், போனவன் திரும்பி வந்தால் பேனர். என் பெண் கல்யாணத்துக்கு நான் கட்டாமல் இருப்பேனா? என் மனசுக்குள் நீ வந்துவிட்டாய், அவர் கேட்டுவிட்டார், நீ சரி என்றுவிட்டாய், எல்லாம் முடிந்துவிட்டது. பேனர் ஒன்றுதான் பாக்கி. "உப்பளமே அதிரட்டும்! சிப் இன்ஜினியர் சரண்யா, படகு இன்ஜினியர் அருள் திருமண விழா!" என்று போடச் சொன்னேன். வாழ்த்துவோர் வரிசையில் பெயிண்டர் மேஸ்திரி, மெடல் குத்திய சொல்தா தாத்தா, உன் அத்தை, நான். பெண் மாப்பிள்ளையைவிட என் படம் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. அது கடைக்காரன் தப்பு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை விரித்துக் காட்டியபோது உன் அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நான் ஏணி வைத்து முனைக் கம்பத்தில் கட்டிவிட்டு இறங்கிய பிறகு வந்து நின்றாள். "அவ வாயால இன்னும் ஒரு வார்த்த சொல்லல இல்ல? அவுத்துடுய்யா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கட்டினது கட்டினதுதான். உனக்கு எப்பவும் எல்லாம் லேட்டு" என்றேன். பாப்பா, என் ஊகம் தப்பியதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. ஊகம் என்றால் தப்பும். அத்தை வந்து திருத்தினாளே, அப்போது திரும்பாமல் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேனே, அதுதான் என் தப்பு.

மறுநாள் காலையில் நீ வந்த ஆட்டோ முனையிலேயே நின்றது. நீ இறங்கி மேலே பார்த்தாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பெயிண்டர் கூட்டம் டீ குடித்துக்கொண்டிருந்தது. அருள் அப்போதுதான் உன்னைப் பார்க்கத் துவைத்த சட்டையில் வந்து, அவரும் மேலே பார்த்தபடி நின்றார். அவருக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் நீ என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னா மாமா இது?"

"கண்ணு, இது வந்து..."

"என்கிட்ட இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கல. கேட்டாலும் வேணாம்தான். போதுமா? அதையும் ஒரு பேனர் அடிச்சிக் கட்டு."

பெயிண்டர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். நீ பையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அருள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏணியை எடுத்து வந்து தானே ஏறினார். என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக, அறுக்காமல், அவிழ்த்தார். இறக்கித் தூசி தட்டி, உன் படத்தில் மடிப்பு விழாமல் நாலாக மடித்துப் பெஞ்சில் வைத்தார். "மழைக்கு ஆவும், மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் என்றார், பாப்பா. நான் அன்று சாயங்காலம் கடை போடவில்லை. போட்டிருந்தாலும் யார் வந்து எந்த ஸ்டாண்டு போட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் பேனர் இப்போது நம் வண்டிக்குக் கூரை. மழை வந்தால் இழுத்து விடுவோம். சொல்தா தாத்தா தன் மெடலைப் பார்த்து அதற்கே சல்யூட் வைக்கிறார். அருள் வருவதை நிறுத்தவில்லை, ஆனால் முன்பெல்லாம் சென்டர் ஸ்டாண்டு போட்டவர் இப்போது சைடு ஸ்டாண்டு. பார்சல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வில்லியனூர் விஷயத்தைக்கூடத் திங்கட்கிழமை பார்சல் கட்டும் நேரத்தில்தான் அத்தையிடம் சொன்னார். "வூட்ல சொல்றாங்க, போறேன்" என்றாராம். போறேன் என்று சொன்னவர் முகம் எப்படி இருந்தது என்று அவளைக் கேட்டேன். "இன்ஜின் ஓடுது, படகு நகரல" என்றாள். அவள் இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அதனால் நம்பினேன்.

நேற்று புதன்கிழமை தூறல். பேனரை இழுத்து விட்டிருந்தோம். அவர் வந்தார், அதே சைடு ஸ்டாண்டு. கூரைக்கடியில் வந்து நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். உன் படத்தில் தண்ணீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் அடியிலிருந்து தள்ளி, தண்ணீரை ஓரமாக வழிய விட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாம..." என்று வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிவிட்டு, "மாஸ்டர், ஒரு பார்சல்" என்றார். இது நான் அளப்பது இல்லை, அத்தையைக் கேள். என் கையில் முட்டை இருந்தது. உடைக்கவில்லை. கல்லுக்குப் பின்னால் நின்ற இத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கேட்டேன்: "உனக்கு இன்னாப்பா வேணும்?" அவர் திகைத்துப் போய்விட்டார். "இன்னா மாஸ்டர், புதுசா கேக்கறீங்க?" என்றார். "இனிமே கேக்கலாம்னு இருக்கேன்" என்றேன். அவர் தன் பைக்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "கொத்து" என்றார், "உக்காந்தே சாப்ட்டுப் போறேன்" என்றார்.

பாப்பா, அந்தச் சாயங்காலம் நீ பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதில் இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தச் சின்ன ஊகக்காரன் இருக்கிறானே, அவன் ஒரே ஒரு தடவை தப்பினால் மனசை மாற்றிக்கொள்ள மாட்டான் என்றாய். கெட்டியாக நம்பியவன் ஒரு தப்புக்கு லேசாக நம்புகிறவனாக மாறுவான், அவ்வளவுதான். இரண்டாவது தடவையும் தப்பினால்தான் அந்தப் பக்கம் சாய்வான். எனக்கு அருளைப் பார்க்கும்போது அதுதான் ஞாபகம் வருகிறது. உன் ஒரு "வேணாம்" அவரை மாற்றிவிடவில்லை, ஆட்டிவிட்டிருக்கிறது. இரண்டாவது "வேணாம்" என்று நீ வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நீ பேசாமல் இருந்தால் போதும், அதுவே சொல்லிவிடும்.

நூற்றுக்கு நூறு தெரிய வேண்டும் என்கிறாய். அன்று அவசரப்பட்டுப் பேசினதால் இப்போது அவசரமே படக்கூடாது என்று நினைக்கிறாய். உன் ஆபீசில் நீ அப்படியா வேலை செய்கிறாய்? முழுசாகத் தெரியும் வரை வரிசையை நிறுத்து என்றா சிப்புக்குச் சொல்லிக் கொடுக்கிறாய்? அவ்வளவு சரியான பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், ஆள் வில்லியனூருக்குப் போன பிறகு வந்தால்? உன் அத்தையின் மூளை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முட்டை உடைவதற்கு முன்னால் அவள் வாய் திறக்க வேண்டும். உனக்குள் இரண்டு பேரும் இருக்கிறோம், பாப்பா. அன்று காலையில் ஆட்டோவிலிருந்து இறங்கி "வேணாம்" என்றது நான். அது என்னிடமிருந்து உனக்கு வந்த வியாதி. அதற்கப்புறம் இத்தனை நாள் பெங்களூரில் ரூமுக்குள் உட்கார்ந்து, அவர் கேட்டது, சிரித்தது எல்லாவற்றையும் ஒன்றொன்றாகக் கூட்டிப் பார்த்து, செவ்வாய்க்கிழமை போனில் அழுததே, அது உன் அத்தை. அவள் பதில் சொல்லிவிட்டாள். கொஞ்சம் லேட்டுதான். ஆனால் முட்டை இன்னும் உடையவில்லை. இப்போது திரும்பினால் ஒரு சின்ன இடறல், இரண்டு நாள் வெட்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் திரும்பினால் அந்த வில்லியனூர்ப் பெண் என்ன பாவம் செய்தாள்?

மூஞ்சி எது என்று கேட்டாய். அதே மூஞ்சிதான். அவருக்குப் போன் செய்து, "அன்னைக்கு நான் சொன்னது மாமாவுக்கு. உங்களுக்கு இன்னும் பதில் சொல்லல" என்று சொல். அவ்வளவு போதும், மிச்சத்தை அவர் கேட்பார், கேட்க வேண்டியது அவருடைய வேலை. யோசித்துப் பார்த்து நிஜமாகவே வேண்டாம் என்றால் அதையும் நீயே அவரிடம் சொல்லிவிடு, ஒரு இன்ஜின்காரரை இப்படி ஸ்டார்ட்டிலேயே நிற்க வைக்காதே. எந்தப் பக்கம் என்றாலும் நான் சரி என்பேன். இந்த முறை நான் ஊகிக்கவில்லை. பேனர் இல்லை, மேஸ்திரிக்குத் தெரியாது, ஆட்டோக்காரர்களுக்குத் தெரியாது. சொல்தா தாத்தாவிடம் மட்டும் சொன்னேன். அவருக்குக் காது கேட்காது.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு எழுதியதே இதைச் சொல்வதற்குத்தான் என்று தோன்றுகிறது. நீ கடைக்கு வந்த அந்தச் சாயங்காலம், உன்னைப் பார்த்ததும் "இவ நம்ம பொண்ணு" என்று நான் கத்தியதாகச் சொல்லிக்கொண்டு வந்தேனே, அது நானாகக் கட்டியது. நான் கத்தவில்லை. உன் அப்பாவின் அக்கா உன்னை இறக்கி விட்டபோது என் வாயில் முதலில் வந்தது, "ஒரு வாரம் இருக்கட்டும், அப்புறம் உங்க வூட்டுக்கே அனுப்பிடறோம்" என்பதுதான். கடை மேல் கடன், உன் அம்மா போன துக்கம், பயம், எல்லாம் சேர்ந்து சட்டென்று வந்துவிட்டது. நீ வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. கூட்டம் முழுக்கப் போகும் வரை, எல்லாத் தட்டையும் கழுவிக் கவிழ்க்கும் வரை சொல்லவில்லை. அப்புறம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, "அனுப்ப வேணாம்யா" என்றாள்.

அன்றைக்கு நான் அவளை லேட்டு என்று சொல்லவில்லை. அணைத்த அடுப்பை மறுபடி மூட்டினேன். மிஞ்சிய காய்ந்த மாவில் அந்தக் குட்டிப் புரோட்டா வட்டமாக வரவே இல்லை, ஒரு பக்கம் கருகியும் போனது. நீ அதைத்தான் சக்கரத்தைப் பிடித்தபடியே முழுக்கத் தின்றாய்.

உன் மாமா